கல்வராயன் மலையும் பரங்கிப்பேட்டை ஓதமும்

மழை நன்றாகப் பெய்யும் ஆண்டுகளில், ஐப்பசி கார்த்திகையில் கோமுகி அணை நிரம்பி உபரிநீர் திறந்துவிடப்படும்போது, எங்கள் பக்கத்துத் தேநீர்க் கடைகள் முதல் நாளிதழ்ச் செய்திகள் வரை ஒரே வாக்கியம் உலவத் தொடங்கிவிடும்: 'இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலில் போய்க் கலக்கிறதே!' கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வாக்கியங்கள் நம் அரசியலில் மிகச் சில. அவற்றுள் இதுவும் ஒன்று. கள்ளக்குறிச்சிப் பகுதியில் வாழும் வாசகர்களாகிய நாங்கள் இந்த வாக்கியத்தை, குறிப்பாக அதிலுள்ள 'வீணாக' என்ற ஒரு சொல்லை, மறுத்து எழுத விரும்புகிறோம். கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவுக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஊரிலிருந்து கடல் ஓதத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஓதம் தொடும் நிலத்தின் நலம் எங்கள் மலையிலிருந்தே தொடங்குகிறது என்பதுதான் நாங்கள் சொல்லவந்தது.

முதலில் ஆற்றின் வழியைப் பார்த்துவிடுவோம். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. பெரும்பாலும் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் அடி வரை உயரம் கொண்டது. மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் நிலம். இதன் கிழக்குச் சரிவில் இறங்கும் நீரோடைகள் கச்சிராயபாளையத்திற்கு அருகே கோமுகி அணையில் தேங்குகின்றன. அணையின் நீர்மட்ட உயரம் 46 அடி. சற்றுத் தள்ளி மணிமுக்தா அணை, 36 அடி. அணைகளைத் தாண்டிய நீர் கள்ளக்குறிச்சிச் சமவெளியைக் கடக்கிறது. கோமுகி மணிமுக்தாவோடு சேர்கிறது. மணிமுக்தா விருத்தாசலத்தைத் தொட்டுக்கொண்டு சென்று, சுந்தரர் பாடிய திருக்கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கூடுகிறது. வெள்ளாற்றுக்கு நீர் தரும் வசிஷ்ட நதியும் இதே கல்வராயனின் சேலம் பக்கத்துச் சரிவில் பிறந்து ஆத்தூர் வழியாக வருவதுதான். இப்படி இருபுறமும் இறங்கிய மலைநீர் சமவெளியில் ஒன்றாகி, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டையும் புவனகிரியையும் கடந்து, பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலைச் சேர்கிறது. வெள்ளாற்றுக்கு நீர் தருவது கல்வராயன் மட்டுமன்று. ஆயினும் கல்வராயன் இல்லாமல் வெள்ளாறு இல்லை.

இந்த உறவை நிர்வாக வரைபடம் நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. 1993 வரை கள்ளக்குறிச்சியும் பரங்கிப்பேட்டையும் தென்னார்க்காடு என்ற ஒரே மாவட்டத்தில் இருந்தவை. அணையும் கழிமுகமும் ஒரே ஆட்சியரின் பொறுப்பில் இருந்தன. அவ்வாண்டு தென்னார்க்காடு இரண்டாகப் பிரிந்தபோது நாங்கள் விழுப்புரத்தோடு போனோம். பரங்கிப்பேட்டை கடலூரோடு போயிற்று. அப்போதும் மரக்காணம் வழியாக எங்கள் மாவட்டத்திற்குக் கடல் இருந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதுவும் போய், முற்றிலும் கடலற்ற மாவட்டத்தினர் ஆனோம். மாவட்டம் சிறிதானதால் மக்களுக்குக் கிடைத்த வசதிகளை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆறு மாவட்ட எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. ஓதம் ஏறுவதும் அப்படிப் பார்த்தல்ல.

*

ஓதம் என்பதைப் பள்ளியில் படித்தோம், தேர்வு எழுதினோம், மறந்தோம். சற்று நினைவூட்டிக்கொள்வது நல்லது. நிலவின் ஈர்ப்பு, நிலவை நோக்கிய பக்கத்துக் கடல்மீது சற்று மிகுதியாகவும் எதிர்ப்பக்கத்துக் கடல்மீது சற்றுக் குறைவாகவும் விழுகிறது. இந்த வேறுபாட்டால் புவியின் இரு பக்கங்களிலும் நீர் சற்றே உயர்கிறது. புவி சுழல்வதால் நம் கடற்கரையில் நாளொன்றுக்குப் பெரும்பாலும் இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்திற்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று காலை ஏறிய நேரத்திற்கு நாளை ஏறாது; ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். கதிரவனும் இழுக்கிறது, அதன் பங்கு நிலவின் பங்கில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இருவரும் ஒரே நேர்கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றம் மிகுகிறது, வற்றமும் மிகுகிறது. இடைப்பட்ட அரைநிலா நாட்களில் இரண்டும் அடங்குகின்றன.

இங்கே தமிழ் வாசகர் நின்று கவனிக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு. 'உவா' என்பது பழந்தமிழில் முழுநிலவு நாளையும் குறிக்கும், நிலவற்ற நாளையும் குறிக்கும். வேறுபடுத்த வேண்டியபோது வெள்ளுவா, காருவா என்றனர். வானத்தை மட்டும் பார்ப்பவனுக்கு இவ்விரண்டும் நேர் எதிரானவை. ஒன்று பேரொளி, மற்றது பேரிருள். அவை இரண்டிற்கும் ஒரே பெயர் வழங்கியதற்குக் காரணம் எதுவாயினும், கரையில் நின்று கடலைப் பார்ப்பவனுக்கு அவ்விரண்டும் ஒன்றே என்பது உண்மை. இரு நாளிலும் கடல் ஒரேபோல் பொங்கும். ஓதம், கழி, கானல், உவா என்று இத்தனை சொற்களைச் சேர்த்துவைத்திருந்த மொழியில் இன்று நீரைப் பற்றிய பொதுப்பேச்சு 'டி.எம்.சி.', 'கனஅடி', 'வீண்' என்ற மூன்று சொற்களுக்குள் சுருங்கிவிட்டது.

நம் கடற்கரையின் ஓதம் அளவில் சிறியது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் நீர் பதினாறு மீட்டர் வரை ஏறி இறங்கும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பத்து மீட்டர் அளவுக்கு உயரும். பரங்கிப்பேட்டையில் உவா நாட்களில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அதனாலேயே நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வெள்ளாற்றின் கழிமுகம் மிகத் தட்டையான நிலம். அங்கே ஒரு மீட்டர் உயரம் என்பது கிடையாகப் பல கிலோமீட்டர். கடல்நீரின் ஏற்றம் வெள்ளாற்றில் பத்துக் கிலோமீட்டருக்கும் மேலாக உள்ளே வந்து திரும்புகிறது. அந்த நீளம் முழுவதும் ஒவ்வொரு நாளும் மலைநீரும் கடல்நீரும் சந்தித்து, யார் எவ்வளவு தூரம் என்று முடிவுசெய்துகொள்கின்றன.

இந்தச் சந்திப்பைத் தமிழகத்திலேயே மிக நுணுக்கமாக ஆராய்ந்த இடங்களுள் ஒன்றும் பரங்கிப்பேட்டைதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா தோற்றுவித்த அம்மையம் 1960களின் தொடக்கத்திலிருந்து இக்கழிமுகத்தின் உப்பையும் உயிரையும் அளந்துவருகிறது. அங்கு திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஆண்டுச் சுழற்சி இது: வடகிழக்குப் பருவமழையின்போது ஆறு பெருகிவந்து கழிமுகத்தின் உப்பை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கிவிடும், மழை ஓய்ந்தபின் தை, மாசியில் உப்பு மெல்ல ஏறும், சித்திரை, வைகாசியில் கழிமுகம் கடலைப் போலவே கரிக்கும். ஓராண்டுக்குள் ஒரே இடம் ஆறாகவும் கடலாகவும் மாறி மாறி இருக்கிறது. அங்கு வாழும் உயிர்கள் எல்லாம் இந்த மாற்றத்திற்குத் தம்மைப் பழக்கிக்கொண்டவை.

இறாலை எடுத்துக்கொள்வோம். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். பொரித்த குஞ்சுகள் கண்ணுக்குப் புலப்படாத பருவங்கள் சிலவற்றைக் கடலில் கழித்துவிட்டு, ஏறும் ஓதத்தோடு சேர்ந்து கழிமுகத்திற்குள் நுழைகின்றன. ஓதம் வற்றும்போது அடியில் ஒதுங்கிக்கொள்கின்றன. மீண்டும் ஏறும்போது மேலும் உள்ளே வருகின்றன. நீந்தும் வலிமையற்ற அந்தச் சிற்றுயிர்களுக்கு ஓதமே ஊர்தி. உப்புக் குறைந்த, இலைமட்கு நிறைந்த கழியில் சில வாரம் தங்கி வளர்ந்து, பின் கடலுக்குத் திரும்பிப் பெரிதாகின்றன. மடவை, பால்கெண்டை போன்ற மீன்களின் குஞ்சுகளும் கழியை நாடி வருபவையே. கடலில் வலைவீசிப் பிடிக்கும் இறாலின் பிள்ளைப்பருவம் கழிமுகத்தில் கழிந்தது. அந்தக் கழிமுகத்தை உப்புக் குறைவாக வைத்திருந்ததும் இலைமட்கைக் கொண்டுசேர்த்ததும் மேலேயிருந்து வந்த நன்னீர். பரங்கிப்பேட்டை மீனவர் வலையில் விழுவதில் கல்வராயன் மழைக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நாங்கள் சொல்வது உவமைக்காக அல்ல.

*

ஓதமும் நன்னீரும் சேர்ந்து ஆக்கிய நிலம் எப்படியிருக்கும் என்று காண விரும்புவோர் வெள்ளாற்றின் தென்கரையிலிருந்து கொள்ளிடம் வரை பரந்துள்ள பிச்சாவரத்திற்குப் போகலாம். பலருக்கும் அது படகுச் சவாரிக்கும் திரைப்படப் பாடலுக்கும் உரிய இடம். 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அக்காட்டில் சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் நிற்கின்றன. சிதம்பரத்திற்குத் தில்லை என்று பெயர்தந்த மரம் இன்று அந்நகரத்தில் காணக்கிடைப்பதில்லை, இக்கழிக்காட்டில்தான் இருக்கிறது. ஒரு பெருங்கோயில் நகரத்தின் பெயரே ஓதத்தின் ஓரத்தில் முளைக்கும் மரத்தின் பெயர் என்பதை நாம் எண்ணிப்பார்ப்பதில்லை.

பிச்சாவரத்தின் கதையில் எங்கள் வாதத்திற்குத் தேவையான பாடம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயர் காலம் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இக்காடு பகுதி பகுதியாக முழுவதுமாக வெட்டப்பட்டது. வெட்டிய இடத்தில் மரம் தானே முளைத்துவிடும் என்று எண்ணினார்கள், முளைக்கவில்லை. நிழல் நீங்கிய சேறு வெயிலில் காய்ந்து சுருங்கித் தாழ்ந்து தட்டுப்போல் ஆயிற்று. உவா நாளில் ஏறிய ஓதம் அத்தட்டில் புகுந்தது. வற்றும்போது வெளியேற வழியின்றித் தேங்கியது. தேங்கியது ஆவியாகி உப்பை மட்டும் விட்டுச்சென்றது. மீண்டும் ஏற்றம், மீண்டும் தேக்கம், மேலும் உப்பு. கடலைவிடக் கரிக்கும் அந்த மண்ணில் கண்டல்கூட வளர முடியவில்லை.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து அங்கே வாய்க்கால் வெட்டின. மீன்முள்போல் ஒரு முதுகும் கிளைகளுமாக அமைந்த அந்த வாய்க்கால்கள் செய்தது ஒன்றே ஒன்று: ஏறிய ஓதம் வற்றவும் வழிசெய்தன. உப்பு கழுவிச் செல்லப்பட்டது, நட்ட கன்றுகள் பிழைத்தன, காடு திரும்பியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது (நிலநடுக்கம் எழுப்பிய அந்த அலைக்கும் ஓதத்திற்கும் தொடர்பில்லை, அன்று பௌர்ணமியானதால் பலரும் இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள்) கடலூர்க் கடற்கரையில் அடர்ந்த மரங்களின் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததென 2005இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. இத்தகைய ஆய்வுகளைக் குறித்துப் பின்னர் மாற்றுக் கருத்துகளும் எழுந்தன. அலையை எவ்வளவு தடுத்தது என்பதில் கருத்து வேறுபடலாம். நீர் வந்துபோக வழிகிடைத்ததும் காடு மீண்டது என்பதில் வேறுபாடில்லை.

கழிநிலத்திற்குக் கேடு செய்வது கடல்நீர் வருவதன்று. வந்தது போகாமல் நிற்பதும், அதனோடு சேர வேண்டிய நன்னீர் வராமல் போவதுமே. பிச்சாவரத்தில் முதற்கேட்டை வாய்க்கால் வெட்டித் தீர்க்க முடிந்தது. இரண்டாவதைத் தீர்க்கும் வாய்க்கால் கழிமுகத்தில் இல்லை. அது எங்கள் மலையடிவாரத்தில் இருக்கிறது.

*

மலைநீர் குறையும்போது கீழே என்ன நேர்கிறது? முதலில், உப்பு மேலேறுகிறது. ஆற்றிலிருந்து எதிர்த்துத் தள்ளுவார் இல்லாததால் ஓதம் முன்னிலும் நெடுந்தொலைவு உள்ளே வருகிறது. கரையோரக் கிணறுகள் கரிக்கத் தொடங்குகின்றன. ஆற்றுமணல் அள்ளப்பட்டுப் படுகை தாழ்ந்த இடங்களில் இது இன்னும் எளிதாகிறது. ஆற்றுப்படுகை தாழ்ந்த அளவுக்குக் கடலின் வாசல் உள்ளே நகர்கிறது என்றே சொல்லலாம்.

அடுத்தது, ஆற்றின் முகம் அடைபடுகிறது. கரையோரமாகக் கடலலை இழுத்துவரும் மணல் முகத்துவாரத்தில் படிந்துகொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளுவன இரண்டு: அன்றாடம் வற்றும் ஓதத்தின் இழுப்பும், மழைக்காலத்து ஆற்றுப் பெருக்கும். நம் கடற்கரையில் ஓதம் சிறிதாகையால் தனித்து அந்த வேலையைச் செய்ய அதற்கு வலிமை போதாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆறு பெருகிவந்து கைகொடுக்க வேண்டும். முகத்துவாரம் தூர்ந்துபோய்ப் படகு தட்டுகிறது, தூர்வாருங்கள் என்று அன்னங்கோயில், பரங்கிப்பேட்டைப் பகுதி மீனவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். ஆறு தானே செய்துகொண்டிருந்த வேலையை எந்திரத்தைக் கொண்டு, பணம் செலவழித்துச் செய்ய வேண்டியதாகிறது. 'வீணாகக் கடலில் கலந்த' நீர் செய்துகொண்டிருந்த பல வேலைகளுள் இது ஒன்று. மூன்றாவதாக, நீரோடு வண்டலும் மணலும் வருவது குறைகிறது. அணைக்குள் தங்கிவிடும் வண்டல் அணைக்கும் பயனில்லை. அதற்காகக் காத்திருக்கும் கழிமுகத்திற்கும் கிட்டுவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளம் அளவு மீறி வரும்போது ஓதமே தடையாகிறது. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கனஅடி நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை எங்கள் மாவட்டத்துத் திருக்கோவிலூர் வழியாகக் கடலூரை நோக்கிப் பாய்ந்தது. அதற்கு முந்தைய நாள்தான் அமாவாசை முடிந்திருந்தது; அதாவது காருவா. ஓதம் உயர்ந்திருக்கும் வேளைகளில் முகத்துவாரத்திற்கு வந்துசேரும் வெள்ளம் விரைந்து வடிவதில்லை. அவ்வெள்ளத்திற்கு ஓதமே காரணம் என்று நாங்கள் சொல்லவரவில்லை, காரணம் மழைதான். ஆனால் அணையின் மதகைத் திறப்போர் வானிலை அறிக்கையோடு ஓத அட்டவணையையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதாகப் பன்னாட்டுக் காலநிலைக் குழு மதிப்பிட்டுள்ளது. ஒரு மீட்டர் ஓதம் மட்டுமே உள்ள கரையில் 20 சென்டிமீட்டர் சிறிய அளவன்று.

*

இவற்றையெல்லாம் கேட்பவர்கள் உடனே சொல்லும் தீர்வு ஒன்று உண்டு: ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு தடுப்பணை கட்டி உப்பை அங்கேயே நிறுத்திவிடலாமே? நிறுத்தலாம். கேரளத்தில் குட்டநாட்டு நெல்வயல்களை உப்பிலிருந்து காக்க வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே 1970களில் தண்ணீர்முக்கம் தடுப்பணை செயலுக்கு வந்தது. வயலுக்கு அது பயன்பட்டது. ஆனால் ஓதம் வந்துபோவது நின்ற பகுதியில் ஆகாயத்தாமரை மண்டியது, மீனும் இறாலும் நுழையும் வழி அடைபட்டது. மதகை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று உழவர்க்கும் மீனவர்க்கும் இடையே ஆண்டுதோறும் சச்சரவு. எதிர்த்திசையில் நேர்ந்ததற்குச் சிந்து நதி சான்று. 1955இல் கோட்ரி அணைக்கட்டு வந்தபின் கீழே செல்லும் நன்னீர் சுருங்கச் சுருங்க, சிந்துவின் கழிமுகத்தில் கடல் உள்ளே புகுந்து வயல்களை விழுங்கியது. கண்டல் காடும் நலிந்தது. முன்னதில் கடலைத் தடுத்தார்கள், பின்னதில் ஆற்றைத் தடுத்தார்கள். இரண்டிலும் நோயுற்றது கழிமுகம்.

இரண்டையும் சேர்த்து எண்ணியபோது என்ன நேர்ந்தது என்பதற்கு ஒடிசாவின் சிலிகா ஏரி இருக்கிறது. மண் படிந்து கடல்வாய் தூர்ந்ததால் அவ்வேரியில் உப்புக் குறைந்து, களை மண்டி, மீன்வளம் வீழ்ந்தது. 2000ஆம் ஆண்டில் புதியதொரு கடல்வாய் வெட்டப்பட்டது. ஓதம் மீண்டும் புகுந்தது. மீனும் நண்டும் திரும்பின. 2002இல் சிலிகா, ஆபத்திலுள்ள ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அங்கே உப்புப் போதவில்லை. வெள்ளாற்றில் கோடையில் நன்னீர் போதவில்லை. நோய் வேறு, மருத்துவம் ஒன்றே: இரு நீரும் சந்திக்க வழிவிடுவது.

எங்கள் உழவர்களின் நியாயத்தை மறந்து இதை எழுதவில்லை. கள்ளக்குறிச்சி வறண்ட சமவெளி. நெல்லும் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் அணைநீரையும் கிணற்றையும் நம்பி நிற்கின்றன. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளின் புகைபோக்கி கரும்பை நம்பியிருக்கிறது. மலைமேல் உள்ள ஊர்களிலோ கோடையில் குடிநீருக்கே தொலைவு நடக்க வேண்டியிருக்கிறது. தன் வயல் காயும்போது தொலைதூரத்து இறாலுக்காக நீரை விட்டுக்கொடு என்று ஒருவரிடம் சொல்வது அறமாகாது. அணையையே வேண்டாமென்று சொல்லும் கூட்டத்தில் நாங்கள் இல்லை.

ஆனால் மழைக்கால உபரியின் கடைசிச் சொட்டையும் தேக்கிவிடுவதுதான் நீர் மேலாண்மையின் வெற்றி என்ற எண்ணத்தை ஏற்க முடியாது. அந்த உபரி, ஆண்டில் ஒருமுறை உப்பைக் கழுவுவதற்கும் முகத்துவாரத்தைத் திறப்பதற்கும் கண்டல் விதை வேர்பிடிப்பதற்கும் கழிமுகத்திற்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. மழை ஓய்ந்தபின் ஆற்றில் மெல்லியதாகவேனும் நீர் தொடர்ந்து கசிந்து ஓடுவது நிலத்தடிநீர் மட்டத்தைப் பொறுத்தது. அது எங்கள் ஏரிகளும் மலைக்காடும் எப்படியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஏரியைத் தூர்வாரி வரத்துக் கால்வாயைச் சீர்செய்தால் கள்ளக்குறிச்சி உழவருக்கும் நன்மை, கழிமுகத்திற்கும் நன்மை. கல்வராயனில் மரம் நின்றால் மழைநீர் ஒரே நாளில் பாய்ந்து ஓடாமல் பல மாதம் கசியும். கோமுகியில் வண்டல் சேர்வதும் குறையும். இவற்றில் மேட்டு நிலத்தார்க்கும் கடற்கரையார்க்கும் இடையே சண்டையே இல்லை. சண்டை இருப்பதாக நம்மை எண்ணவைப்பது அந்த 'வீண்' என்ற சொல்தான்.

எங்கள் பரிந்துரை பெரிதல்ல. அணை திறப்பு பற்றி முடிவெடுக்கையில் உழவர்களின் கருத்துக் கேட்கப்படுகிறது. அது அவர்கள் உரிமை. அந்தக் கூட்டத்தில் வெள்ளாற்றின் வாயில் வலைவீசும் ஒருவருக்கும், பிச்சாவரத்துக் கழியில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் ஒருவருக்கும், பரங்கிப்பேட்டை ஆய்வு மையத்தில் உப்பை அளக்கும் ஒருவருக்கும் நாற்காலி போட வேண்டும். கழிமுகத்தின் பங்கு இவ்வளவு என்று அணையின் நீர்க்கணக்கில் ஒரு வரி எழுதப்பட வேண்டும். ஆற்று வடிநிலம் ஒன்றாகவும் மாவட்டங்கள் பலவாகவும் இருக்கும்போது, வடிநிலத்திற்கென்று பேச ஓர் அமைப்பு வேண்டும்.

*

இலக்கிய வாசகர்களுக்கு இறுதியாக ஒன்று. மலையைக் குறிஞ்சி என்றும் கடற்கரையை நெய்தல் என்றும் பிரித்துக் கற்ற நாம், அப்பிரிவை வேலியாக்கிக்கொண்டுவிட்டோம். பழைய கவிகள் அப்படிச் செய்யவில்லை. கபிலரைக் குறிஞ்சிக்கு உரியவராகவே நாம் அறிவோம். ஐங்குறுநூற்றில் குறிஞ்சி நூறும் அவருடையவை. அவர் உயிர்நீத்த இடமாகச் சொல்லப்படும் கபிலர் குன்று திருக்கோவிலூரில், தென்பெண்ணை நடுவே, எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தக் கபிலர் நெய்தலும் பாடினார். நற்றிணையின் 291ஆம் பாட்டில் நீர் பெயர்ந்துபோன கடற்கரைச் சேற்றைக் காட்டுகிறார். அச்சேற்றில் கொழுத்த மீனை உண்ட நாரைக்கூட்டம் வெண்மணல் மேட்டில் ஏறி நிற்கிறது. சில அடிகள் தள்ளி அதே பாட்டில், இத்தலைவியின் அழிந்த நலத்திற்கு உவமையாக, முள்ளூர் மன்னன் இரவில் கவர்ந்துவந்த ஆநிரைகளையும் அவற்றை இழந்தவர்களையும் சொல்கிறார். முள்ளூர் இந்தப் பக்கத்து மலையமான் நாட்டு மலை. வற்றிய நீர் விட்டுச்சென்ற சேறும் மலையமானின் முள்ளூரும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நிற்பது அவருக்கு இயல்பாக இருந்தது. மலைநாட்டில் வாழ்ந்த புலவர் கடல்நீர் பெயர்ந்த சேற்றைப் பார்த்திருக்கிறார். அதைத் தம்முடையதாகவும் எண்ணியிருக்கிறார்.

அந்தப் பார்வையை மீட்டுக்கொள்வதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. அடுத்த முறை கோமுகியின் மதகு திறக்கும்போது, இந்நீர் எங்கே போகிறது, அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். நாளிதழில் 'வீணாகக் கடலில் கலந்தது' என்று வாசிக்க நேர்ந்தால், முதற்சொல்லை அடித்துவிட்டு வாசிப்போம். 'கடலில் கலந்தது' என்பதே முழுமையான செய்திதான்.